என்.எச்.44 நீளம் 3,745ஆ, 4,000ஆ, 2,369ஆ?

கேள்வி:
ஸ்ரீநகர்–கன்னியாகுமரி சாலையின் நீளம் ஓரிடத்தில் 3,745 கி.மீ., இன்னோரிடத்தில் 4,000. பழைய பொது அறிவுப் புத்தகத்திலோ 2,369 என்று போட்டு, வாரணாசியில் தொடங்குவதாக இருக்கிறது. எது சரி? முழுதும் காரில் போக எதை வைத்துத் திட்டமிடுவது?

பதில் 1:
மூன்றும் வெவ்வேறு சாலைகளின் கணக்கு. 2,369 என்பது வாரணாசி–கன்னியாகுமரி பழைய என்.எச்.7. 2010-ல் எண்களை மாற்றியபோது அதில் மத்தியப் பிரதேசத்தின் லக்னாதோனுக்குத் தெற்கே உள்ள பகுதி மட்டும் 44-க்கு வந்தது. வடக்கே பழைய 1ஏ, 1, 2, 3, 75, 26 எண் சாலைகளின் துண்டுகளை ஒட்டினார்கள். 4,000 என்பது வடக்கு–தெற்கு நான்குவழித் திட்டத்தின் நீளம். சேலம்–கொச்சி கிளையும் அதில் சேர்த்தி. 44-க்குப் பரவலாகச் சொல்லப்படுவது 3,745.
இப்போதைய என்.எச்.7 வேறு சாலை, பஞ்சாபின் ஃபாசில்காவிலிருந்து பத்ரிநாத் பக்கம் போவது. பழைய எண்ணை வைத்துத் தேடினால் அங்கேதான் போய் நிற்பீர்கள்.

பதில் 2:
அந்த 3,745-ம் வண்டி மீட்டரில் அப்படியே வராது. ஜம்மு–ஸ்ரீநகர் இடையே செனானி–நாஷ்ரி சுரங்கப்பாதை (2017, சுமார் 9 கி.மீ.) மட்டுமே ஏறக்குறைய 30 கி.மீ. மிச்சப்படுத்துகிறது. பனிஹால்–காசிகுண்ட் சுரங்கம் இன்னொரு 16. புறவழிச்சாலைகளால் வரும் வித்தியாசம் தனி.
திட்டமிடும்போது கிலோமீட்டரைவிட ராம்பன்–பனிஹால் பகுதியைத்தான் கவனிக்க வேண்டும். மழையிலும் பனியிலும் மண் சரிந்து சாலை மூடிவிடும். போக்குவரத்துக் காவல்துறையின் அன்றாட அறிவிப்பைப் பார்க்காமல் ஜம்முவிலிருந்து கிளம்பக் கூடாது. ஒரு நாளாவது கூடுதலாக ஒதுக்குங்கள்.

பதில் 3:
மேப்பில் இரண்டு முனைகளை மட்டும் கொடுத்தால் டெல்லி–ஆக்ரா இடையே யமுனா எக்ஸ்பிரஸ்வேக்குத் தள்ளிவிடும். 44-லேயே போக வேண்டுமானால் மதுரா, குவாலியர், ஜான்சி, சாகர், லக்னாதோன், நாக்பூர் என்று இடையூர்களைக் கொடுக்க வேண்டும். டெல்லி நெரிசலைத் தவிர்க்க மட்டும் குண்ட்லியில் விலகி, கிழக்குப் புறவட்டச் சாலையில் 135 கி.மீ. ஓட்டி, பல்வலில் திரும்ப 44-ஐப் பிடிக்கலாம். ஐதராபாத்துக்கு வெளிவட்டச் சாலை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தெற்கு முனையில் நாகர்கோவில் வழியா?

பதில் 1:
இல்லை. திருநெல்வேலி தாண்டி காவல்கிணற்றில் ஆரல்வாய்மொழி, நாகர்கோவில் பக்கம் பிரிவது 944. கன்னியாகுமரிக்குப் போவதுதான் 44. கடைசி இரண்டு இலக்கம் 44 என்றிருக்கும் மூன்று இலக்கச் சாலை இதன் கிளை. சேலம்–கொச்சிக்கு 544 வந்ததும் அப்படித்தான்.