மாறுகண் ஆபரேஷன்: மறுபடி திரும்பினால் அது தோல்வியா?

செம்மண்டலம் செல்வி: தம்பி மகளுக்கு நாலு வயது. இடது கண் மூக்குப் பக்கம் திரும்பியிருக்கிறது. கண்ணாடி போட்டும் முழுசாக நேராகாததால் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். வீட்டுப் பெரியவர்களோ மாறுகண் அதிர்ஷ்டம், கை வைக்காதே என்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை குமரன்: அவசரப்படாதீர்கள் அக்கா. என் அண்ணனுக்குப் பள்ளிக்கூட வயதில் செய்தார்கள். கல்லூரிக்குப் போகும்போது அதே கண் வெளிப்பக்கம் போய்விட்டது. அந்தக் கண்ணில் பார்வையும் கூடவில்லை. பிள்ளை பட்ட பாடெல்லாம் வீண். வளர்ந்தபிறகு அவளே முடிவெடுக்கட்டும்.

மஞ்சக்குப்பம் ரேவதி: கண் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். குமரன் தம்பி, உங்கள் வருத்தம் நியாயம்தான். ஆனால் பார்வை கூடாததற்கு ஆபரேஷன் காரணமில்லை. ஒரு கண்ணை ஆறு தசைகள் அசைக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துச் சில மில்லிமீட்டர் பின்னால் தைப்பார்கள், அல்லது கொஞ்சம் வெட்டிச் சுருக்குவார்கள். மாறுவது கண்ணின் கோணம் மட்டுமே. திரும்பிய கண் காட்டும் படத்தை மூளை ஒதுக்கி ஒதுக்கிப் பார்வை குறைகிறதே, அந்தச் சோம்பேறிக் கண்ணுக்கு வைத்தியம் வேறு: கண்ணாடி, அப்புறம் நல்ல கண்ணை மூடும் பேட்ச். ஏழெட்டு வயதுக்குள் செய்தால்தான் நல்ல பலன். இருபது வயதிலும் கண்ணை நேராக்கலாம். ஆனால் அதற்குள் போன பார்வையையும், இரு கண்ணும் சேர்ந்து ஆழம் பார்க்கும் திறனையும் மீட்பது கடினம். அதனால் ‘வளரட்டும்’ என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

குமரன்: இதை முன்னாடியே யார் சொன்னார்கள்? ஒரு ஆபரேஷனில் சரியாகிவிடும் என்றுதான் எங்கள் வீட்டில் நம்பினோம். மறுபடி திரும்பும் வாய்ப்பு எவ்வளவு?

ரேவதி: குறைவில்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இன்னொரு முறை செய்ய வேண்டிவரலாம், சில வகைகளில் அதற்கும் மேல். ஆபரேஷனுக்குப் பின் மிச்சமிருக்கும் கண் விலகல் 10 பிரிஸம் டையாப்டருக்குள் (விலகலை அளக்கும் அலகு), அதாவது சுமார் 6 டிகிரிக்குள் வந்தாலே வெற்றி என்றுதான் பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். இரு கண் படங்களையும் மூளை சேர்த்துப் பிடிக்காவிட்டால் வருடங்கள் கழித்தும் கண் நகரும். இதைக் கையெழுத்துப் போடும் முன்பே பெற்றோரிடம் சொல்லியாக வேண்டும்.

வில்லியனூரான்: பெரியவனான பிறகு செய்துகொண்டவன் நான். கொஞ்ச நாள் எல்லாம் இரட்டையாகத் தெரிந்தது, பிறகு சரியானது. இப்போது எதிரில் இருப்பவர் முகம் பார்த்துப் பேசுகிறேன். இதை வெறும் அழகுக்காக என்பவர்களோடு எனக்குச் சண்டைதான்.

குமரன்: பேட்ச் விஷயத்தை ஏற்கிறேன். ஆனாலும் அக்கா, புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியிலோ தவளக்குப்பம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியிலோ இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் தேதி வாங்காதீர்கள்.

செல்வி: பேட்ச் பற்றி எங்களிடம் யாரும் பேசவே இல்லையே!

ரேவதி: இரண்டு கண்ணாலும் மாற்றி மாற்றிப் பார்க்கிற குழந்தைக்கு அது தேவைப்படாமலும் போகலாம். வலது கண்ணை மூடினால் அழுது கையைத் தட்டிவிடுகிறாளா? அப்படியானால் இடது கண்ணில் பார்வை குறைவாக இருக்கலாம். நாலு வயதுக்குப் படம் காட்டியே அளந்துவிடலாம். ஆபரேஷன் தேதிக்கு முன் அந்த அளவைக் கேட்டு வாங்குங்கள்.