பால் வழியா பாக்டீரியாவும் போகுதாம்: நீங்க பார்த்தது, கேட்டது, அனுபவிச்சது?

மழைத்துளி:
எனக்கு சிசேரியன். ஆபரேஷனுக்கு முன்னாடியே ஆன்டிபயாடிக் ஏத்திட்டாங்க. குழந்தையைப் பார்க்க வந்த ஒருத்தங்க, "சுகப்பிரசவம்னா அம்மாகிட்ட இருக்கிற நல்ல கிருமி எல்லாம் பிள்ளைக்குப் போகும், உன் பிள்ளைக்கு அது இல்லாமப் போச்சே"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க. அவங்களுக்கு என்ன, போட்டுட்டுப் போயிட்டாங்க. ராத்திரி தூக்கம் போனது எனக்குத்தான்.

குழந்தைங்க டாக்டர்கிட்ட கேட்டேன். "பிரசவத்தோட அந்த வேலை முடிஞ்சிடலம்மா. நீங்க பால் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் போய்க்கிட்டுதான் இருக்கு"ன்னார். பால்ல பாக்டீரியாவா, அப்போ அது கெட்ட பாலான்னு எனக்கு ஒரே குழப்பம். ஆரோக்கியமான அம்மாவோட பால்ல கிருமியே இருக்காதுன்னுதான் ரொம்ப நாள் டாக்டர்களே நினைச்சிருக்காங்க. 2003ல ஸ்பெயின் ஆய்வாளர்கள் தாய்ப்பால்ல லாக்டிக் அமில பாக்டீரியா உயிரோட இருக்குன்னு காட்டின பிறகுதான் பேச்சே மாறியிருக்கு.

இந்த விஷயத்துல உங்க அனுபவம் எதுவா இருந்தாலும் சொல்லுங்க. படிக்கிறதுக்கு ஒரு தைரியமா இருக்கும்.

ஆய்வகத்து அக்கா:
மைக்ரோபயாலஜி லேப்ல இருக்கேன். ஒரு ஆய்வுக்காகப் பச்சிளம் குழந்தைங்களோட மலம்தான் கொஞ்ச காலம் எனக்கு வேலையே. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க மன்னிக்கவும்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தையோட மாதிரியை ஸ்லைடுல தேய்ச்சு, கிராம் சாயம் போட்டு, எண்ணெய் விட்டு லென்ஸை இறக்கிப் பார்த்தா ஊதா நிறத்துல குச்சி குச்சியா நிறைய தெரியும். சிலது நேரா இருக்காது, வளைஞ்சிருக்கும். சிலது நுனியில ரெண்டாப் பிரிஞ்சு கவட்டை மாதிரி நிக்கும். அது பிஃபிடோபாக்டீரியமா (குழந்தை குடல்ல வாழ்ற ஒரு நல்ல பாக்டீரியா) இருக்க வாய்ப்பு அதிகம் (ஸ்லைடை மட்டும் பார்த்து இனம் சொல்லக் கூடாது, டிஎன்ஏ பார்க்கணும்). 1900ஐ ஒட்டி பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல ஆன்ரி டிசியே இதை முதன்முதல்ல பிரிச்செடுத்ததும் தாய்ப்பால் குடிச்ச குழந்தையோட மலத்துலருந்துதான். லேப்ல வளர்க்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். ஆக்சிஜன் பட்டாலே அதுக்கு ஆகாது.

குழந்தை பிறந்ததும் அதோட குடல்ல கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும். முதல்ல ஈ.கோலை மாதிரியானதுங்க குடியேறி அந்த ஆக்சிஜனைத் தீர்த்துடும். அதுக்கப்புறம்தான் பிஃபிடோவுக்கு இடம் கிடைக்கும். வரிசை முக்கியம்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற. தாய்ப்பால்ல லாக்டோஸ், கொழுப்பு ரெண்டுக்கும் அடுத்தபடியா அதிகமா இருக்கிற திடப்பொருள் ஒலிகோசாக்கரைடுங்கிற சர்க்கரைங்க. நூத்துக்கும் மேல வகை இருக்கு. சீம்பால்ல இன்னும் அதிகம். ஆனா குழந்தையால இதைச் செரிக்க முடியாது! அம்மா உடம்பு இவ்வளவு மெனக்கெட்டுப் பண்றது குழந்தைக்கே ஆகாதுன்னா யாருக்கு? பெருங்குடல்ல காத்திருக்கிற பிஃபிடோவுக்கு. அதுல இன்ஃபான்டிஸ்னு ஒரு வகை இந்தச் சர்க்கரையை அப்படியே உள்ளே இழுத்துச் சாப்பிடும். சாப்பிட்டு அசிட்டிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் வெளியே விடும். குடல் புளிப்பாயிடும், தொல்லை பண்ற கிருமிங்க பலதுக்கு அங்க நிலைக்க முடியாது. பாக்டீரியாவும் பால்ல போகுது, அதுக்கான சாப்பாடும் அதே பால்ல போகுது. வெறும் பாக்டீரியா மட்டும் போயிருந்தா கொஞ்ச நாள்லயே காணாமப் போயிருக்கும்னுதான் நான் சொல்வேன்.

நிலாவோட அப்பா:
அக்கா சொன்ன அந்தப் புளிப்பு சத்தியமா உண்மை! எங்க வீட்டுல டயபர் டிபார்ட்மெண்ட் என்னோடது. தாய்ப்பால் மட்டும் குடிச்ச வரைக்கும் மஞ்சளா, இளக்கமா, நடுவுல திப்பி திப்பியா இருக்கும். மூக்கைப் பிடிக்கிற நாத்தம் இல்ல, லேசா புளிச்ச வாடை. மனைவி வேலைக்குப் போக ஆரம்பிச்சு பகல்ல ஃபார்முலா சேர்ந்ததும் நிறம் மங்கிடுச்சு, கெட்டியாச்சு. பால் மொத்தமா நிறுத்தினதும்தான் பெரியவங்களோடது மாதிரியே ஆச்சு. அதுக்கு முன்னாடியே திட உணவு கொடுத்துக்கிட்டுதான் இருந்தோம், ஆனா அப்போ இந்த அளவுக்கு மாறல.

பாலூட்டல் ஆலோசகர்:
நிலாவோட அப்பா கவனித்ததற்குப் பொருத்தமான ஆய்வு ஒன்று 2015ல் வெளிவந்தது. ஸ்வீடனில் 98 தாய்–சேய் ஜோடிகளை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். குடல் பாக்டீரியாக் கூட்டம் பெரியவர்களுடையதைப் போல மாறுவதற்குத் திட உணவு தொடங்குவதைவிட, தாய்ப்பால் நிற்பதே முக்கியக் காரணமாகத் தெரிந்தது.

மழைத்துளி, உங்களுக்கு இன்னொன்று. 2017ல் அமெரிக்காவில் 107 ஜோடிகளிடம் நடந்த ஆய்வில், பெரும்பகுதி பாலை நேரடியாக மார்பிலிருந்தே குடித்த குழந்தைகளின் குடல் பாக்டீரியாவில் முதல் மாதத்தில் சராசரியாக 27.7 சதவீதம் தாய்ப்பாலிலிருந்தும், 10.3 சதவீதம் மார்புக் காம்பைச் சுற்றியுள்ள தோலிலிருந்தும் வந்ததாகக் கணக்கிட்டார்கள். எவ்வளவு அதிகம் குடித்தார்களோ அவ்வளவு பங்கும் கூடியது. சிசேரியன் வித்தியாசமே ஏற்படுத்தாது என்று சொல்ல மாட்டேன். பிரிட்டனில் 596 குழந்தைகளிடம் நடந்த 2019 ஆய்வில், சிசேரியன் குழந்தைகளிடம் பாக்டீராய்ட்ஸ் என்ற வகை மிகக் குறைவாக இருந்தது. ஆனால் உங்கள் டாக்டர் சொன்னதும் சரிதான். பிரசவம் ஒரு வழி, பால் இன்னொரு வழி.

அந்தத் தோல் கணக்கை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்பும் மார்பை சோப்பு போட்டுக் கழுவி, ஆன்டிசெப்டிக் பஞ்சால் துடைக்கும் தாய்மார்களை வாராவாரம் பார்க்கிறேன். காம்பு வறண்டு வெடித்து, வலியில் பாலே கொடுக்க முடியாமல் வருவார்கள். அன்றாடம் குளிப்பதே போதும். கழுவ வேண்டியது கையையும் பம்ப் பாகங்களையும்தான்.

இரட்டையர் அம்மா:
குறைமாசத்துல பிறந்த ரெண்டு பேர், நேரா என்ஐசியூ (பச்சிளம் குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு). ஆரம்பத்துல எனக்குப் பாலே ஊறல. பால் வங்கியில இருந்து வந்த தானப் பால்தான் ட்யூப் வழியா போச்சு. அதை 62.5 டிகிரியில அரை மணி நேரம் சூடாக்கித்தான் கொடுப்பாங்க. கெட்ட கிருமியோட நல்லதும் செத்துடும், ஆனா அக்கா சொன்ன அந்தச் சர்க்கரைங்க பெரும்பாலும் தப்பிச்சிடும்னு அங்க இருந்த நர்ஸ் விளக்கினாங்க.

அந்த நர்ஸ்தான் என்னை உட்கார வெச்சு, ஒவ்வொருத்தியையா ஒயரோட ட்யூபோட எடுத்து நெஞ்சுல படுக்க வெச்சாங்க. கங்காரு முறை. "சூட்டுக்கு மட்டும் இல்லம்மா, உங்க தோல்ல இருக்கிறதும் இவளுக்குப் போகட்டும்"னாங்க. மானிட்டர் கத்துமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். அது கத்தல, நான்தான் அழுதேன். நாலு சொட்டு சீம்பால் வந்தப்போ சிரிஞ்சுல எடுத்து ரெண்டு பேர் கன்னத்து உள்பக்கமும் தடவி விட்டாங்க.

அப்புறம் மாசக்கணக்கா பம்ப். பம்ப் பண்ற பால்ல இருக்கிற பாக்டீரியா வேற மாதிரி இருக்கும்னு ஒரு ஆய்வுச் செய்தி படிச்சதும் சுள்ளுன்னு ஆயிடுச்சு. இவ்வளவு பாடுபட்டும் அது கணக்குல வராதா?

பாலூட்டல் ஆலோசகர்:
தாராளமாக வரும். நீங்கள் படித்தது 2019ல் வந்த கனடா ஆய்வாக இருக்கலாம். நேரடியாகக் குடிக்கும்போது பால் ஒரே திசையில் மட்டும் ஓடுவதில்லை. சுரந்து முடியும் தருணத்தில் கொஞ்சம் பால் நாளங்களுக்குள் திரும்பிப் போவதை அல்ட்ராசவுண்டில் பார்த்திருக்கிறார்கள். அதோடு குழந்தையின் வாயில் உள்ள பாக்டீரியாவும் உள்ளே போக வாய்ப்பு உண்டு. பம்பில் குழந்தையின் வாய் படுவதில்லை, கலவை மாறுவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் சர்க்கரைகளும், குடல் சுவரைக் காக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் பொருளும் பம்ப் பாலிலும் இருக்கின்றன. குறைமாதக் குழந்தைக்குச் சொந்த அம்மாவின் பால் கிடைப்பதே பெரிய விஷயம்.

மழைத்துளி:
@ஆய்வகத்து அக்கா, என் வயித்துக்குள்ள இருக்கிற பாக்டீரியா மார்புக்கு எப்படிக்கா வருது? நடுவுல ரோடே இல்லையே!

ஆய்வகத்து அக்கா:
நல்ல கேள்வி. ஒரே அம்மாவோட மலம், பால், குழந்தையோட மலம் மூணுலயும் ஒரே ரகம் இருக்கிறதைப் பார்த்திருக்காங்க. இனம் ஒண்ணா இருக்கிறது பெரிசில்ல, ரகமே (இனத்துக்குள்ள வர்ற உட்பிரிவு) பொருந்துது. எப்படி வந்துச்சுங்கிறதுக்கு ரெண்டு விளக்கம் இருக்கு. ஒண்ணு, கர்ப்பத்தோட கடைசியிலயும் பாலூட்டும்போதும் குடல் சுவர்ல இருக்கிற எதிர்ப்பு செல்லுங்க சிலதைப் பிடிச்சு, நிணநீர், ரத்தம் வழியா மார்புக்குக் கொண்டு போகுதுங்கிறது. இன்னொண்ணு, குழந்தை வாய் வழியாவும் தோல் வழியாவும் மார்புக்குள்ள போறது. என் ஓட்டு ரெண்டாவதுக்கு. முதல் கதை கேட்க அழகா இருக்கு, ஆனா எலிகள்ல பார்த்த அளவுக்கு மனுஷங்ககிட்ட ஆதாரம் இல்ல.

வெளிப்படையா_சொல்றேன்:
எல்லாம் சரி. என் மருந்து காரணமா டாக்டரே பால் கொடுக்க வேண்டாம்னு சொன்னதால என் மூத்தவன் முழுக்க ஃபார்முலா. நல்லாத்தான் இருக்கான். இந்த மாதிரி பேச்சு வந்தாலே எங்களை மாதிரி ஆளுங்க ஓரமா நிக்க வேண்டியிருக்கு. பாக்டீரியா அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வருமா? அவனைத் தூக்கிக் கொஞ்சின அத்தனை பேர்கிட்ட இருந்தும் வந்திருக்குமே! சரி, ஒரு சந்தேகம். ரெண்டாவதுக்கு புரோபயாடிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா) சொட்டு மருந்து வாங்கி வெச்சா என்ன?

பால் கட்டின அம்மா:
இடையில நான் ஒண்ணு சொல்லிடறேன். மார்புல பால் கட்டி, சிவந்து, குளிர் காய்ச்சல். ஆன்டிபயாடிக் எழுதின டாக்டர், "பாலை நிறுத்தாதீங்க, அந்தப் பக்கமும் குடிக்கட்டும்"னு சொன்னாங்க. என் கிருமி அவளுக்குப் போயிடுமேன்னேன். ஏற்கெனவே ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கிறதுதான்னு சொல்லிட்டாங்க. மருந்து நாட்கள்ல அவளுக்கு மலம் கொஞ்சம் தண்ணியாப் போச்சு, முடிஞ்சதும் சரியாச்சு.

ஆய்வகத்து அக்கா:
@வெளிப்படையா_சொல்றேன், நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. வீட்டுல இருக்கிற எல்லார்கிட்ட இருந்தும் வரும். இப்போ சில ஃபார்முலாலயும் தாய்ப்பால்ல இருக்கிற அந்தச் சர்க்கரை வகைங்கள்ல ஒண்ணு ரெண்டைத் தயாரிச்சுச் சேர்க்கிறாங்க. சொட்டு மருந்தை மட்டும் நீங்களா கடையில வாங்கி ஊத்தாதீங்க. ஆஸ்பத்திரியில புரோபயாடிக் கொடுத்த குறைமாசக் குழந்தைங்களுக்கு அந்த பாக்டீரியாவே ரத்தத்துல கலந்து ஆபத்தானதுன்னு 2023ல அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. நிறைமாசக் குழந்தைன்னாலும் எந்த ரகம், எதுக்காகன்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க. பாட்டில்ல ரகத்தோட பேர் முழுசா போடலன்னா நான் வாங்கவே மாட்டேன்.