துருவேறிய விண்கல்: எச் வகையா, எல் வகையா?

கல்தேடி (பழங்காநத்தம்):
மொராக்கோ பாலைவனத்தில் எடுத்த காண்டிரைட் (உள்ளே சின்னச் சின்ன உருண்டைகள் கொண்ட கல்) விண்கல் துண்டு ஒன்று வாங்கினேன். எச் (இரும்பு அதிகம்), எல் (இரும்பு குறைவு) என்ற வகையை எழுதித் தரவில்லை. மேலூர் கிரானைட் பட்டறையில் ஒரு முகத்தைத் தேய்த்து வாங்கி லென்ஸில் பார்த்தேன். காண்டிரூல் உருண்டைகளின் விளிம்பு மங்கல், உலோகப் பொட்டு குறைவு. காந்தமும் லேசாகத்தான் இழுக்கிறது. எல்5 (5 என்பது கல் சூட்டில் மாறிய அளவு) என்று பெட்டியில் எழுதப் போகிறேன்.

நாகமலையான்:
எழுதாதீங்க அண்ணே. உங்கள் படத்திலேயே ஒவ்வொரு பொட்டையும் சுற்றிப் பழுப்பு வளையம், அதிலிருந்து விரிசல் வழியே துரு. முக்கால்வாசி உலோகம் போய்விட்டது. 1993-இல் வ்லோட்ஸ்கா என்ற ஆய்வாளர் வகுத்த சிதைவு அளவுகோலில் 60 முதல் 95 சதவீதம் உலோகம் துருவானால் டபிள்யூ3. எச் வகைக் கல்லும் அந்த நிலையில் காந்தத்துக்கு எல் போலத்தான் இருக்கும். மிச்சம் இருப்பதை வைத்து, முதலில் எவ்வளவு இருந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?

கல்தேடி:
துருவையும் உலோகத்தோடு சேர்த்துத்தான் பார்த்தேன் தம்பி. அப்படியும் எச் அளவுக்கு வரவில்லை.

நாகமலையான்:
ட்ராய்லைட் என்ற இரும்பு சல்ஃபைடும்தான் துருவாகிறது. எது எதன் துரு என்று லென்ஸில் பிரிக்க முடியாது. துரு ஊதும், பரவும், கொஞ்சம் கரைந்தும் போகும். ஒலிவின் என்ற சிலிக்கேட் கனிமத்தைக் கேளுங்கள், இந்த நிலையில் அது மாறாது. சிலிக்கேட் கனிமங்கள் சிதையத் தொடங்குவதே டபிள்யூ5-இல்தான். ஒலிவினில் ஃபயலைட் (அதன் இரும்புப் பங்கு) 16-20 சதவீதம் என்றால் எச், 22-26 என்றால் எல். அதை அளக்க, எலக்ட்ரான் கற்றையால் கனிமத்தின் கலவையைக் காட்டும் எலக்ட்ரான் மைக்ரோப்ரோப் கருவி வேண்டும்.

மண்ணியல் மாணவி:
நாகமலையான் அண்ணா, ஒலிவின் பற்றிச் சொன்னது சரி. ஆனால் டபிள்யூ3 என்பதும் படத்தைப் பார்த்துச் சொன்னதுதானே? மெருகேற்றிய வெட்டை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் அந்த எண்ணைத் தரணும். அப்புறம், பட்டறையில் தண்ணீர் ஊற்றித் தேய்த்திருப்பார்கள். முகத்தில் தெரியும் ஆரஞ்சு நிறத் துரு அங்கே புதிதாக வந்ததாகவும் இருக்கலாம். '5' என்ற எண்ணுக்கும் இப்போது ஆதாரமில்லை. ஃபெல்ஸ்பார் கனிமத் துகள் 50 மைக்ரானுக்குள் நிற்கிறதா என்று, ஒளி ஊடுருவும்படி தேய்த்த மெல்லிய வெட்டில் அளக்கணும்.

நாகமலையான்:
நான் சொன்னது ஆரஞ்சு பூச்சை அல்ல, விரிசலுக்குள் ஓடும் கரும்பழுப்பை. அது பட்டறையில் ஒரே நாளில் வராது.

கல்தேடி:
மைக்ரோப்ரோப்புக்கு ஆகும் செலவு கல்லின் விலையை மிஞ்சும். அளக்க முடியாதவன் தன் கணிப்பை எழுதி வைப்பதில் என்ன தப்பு?

மண்ணியல் மாணவி:
தப்பே இல்லை அண்ணா. 'எல் ஆக இருக்கலாம், காந்தக் கணிப்பு' என்று எழுதுங்கள். வெறுமனே 'எல்5' என்று இருந்தால், நாளைக்கு அந்தப் பெட்டியைத் திறப்பவர் யாரோ அளந்துவிட்டார்கள் என்றே நம்புவார். பின்னால் அளக்க ஒரு சின்னச் சில்லை மட்டும் எண்ணெயும் தண்ணீரும் படாமல் தனியே எடுத்து வையுங்கள்.