முழங்கால் வலியும் பின்தொடைத் தசையும்: எங்கள் அனுபவங்கள்

ஈரோடு, தையல் தொழில், 54 வயது

30 ஆண்டுகளாகத் தையல் இயந்திரத்தின் முன் முழங்காலை மடக்கி அமர்ந்தே வேலை செய்து வருகிறேன். வலது முழங்காலில் தேய்மானம் தொடங்கியிருப்பதாகத் தெரிந்தபின், சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தும் பயிற்சியை ஏழு மாதங்கள் விடாமல் செய்தேன். முன்தொடைக்கு அது நல்ல பயிற்சிதான். ஆயினும் காலையில் எழுந்தவுடன் காலை முழுவதுமாக நீட்ட முடியாத நிலை மாறவில்லை.

பிறகு நான் சந்தித்த பிசியோதெரபிஸ்ட், என்னை மல்லாந்து படுக்க வைத்து, தொடையைச் செங்குத்தாக நிறுத்திக் கைகளால் பிடித்துக்கொண்டு, முழங்காலை நீட்டும்படி கூறினார். கால் நேராவதற்கு இன்னும் 40 பாகை இருக்கும்போதே தொடையின் பின்புறம் முறுக்கிய கயிறு போல இழுத்து நின்றுவிட்டது. அந்தத் தசை, நாம் உட்காரும்போது தரையில் பதியும் இடுப்பெலும்பில் தொடங்கி, முழங்காலைக் கடந்து கீழ்க்கால் எலும்புகளில் சென்று பிணைகிறது. அது இறுகினால் முழங்கால் சற்றே மடங்கியபடி இருக்கும் என்றும், மடங்கிய காலைத் தாங்க முன்தொடைத் தசை கூடுதலாக உழைப்பதால் முழங்கால் சில்லின் மேல் அழுத்தம் ஏறும் என்றும் அவர் விளக்கினார். இரவில் இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கிய வழக்கத்தை அன்றே நிறுத்தினேன்.

படுத்தபடி பாதத்தில் துண்டை மாட்டிக் காலை உயர்த்தி, 30 வினாடி அசையாமல் நிறுத்துவதை வாரத்தில் ஐந்து நாள் செய்தேன். ஆறு வாரங்களில் அந்த 40 பாகை 25 ஆகக் குறைந்தது. எனினும் படியேறும்போது தடுமாற்றம் அப்படியே இருந்தது. இறுக்கம் தளர்ந்தால் வலுவும் தானாக வந்துவிடும் என்று நான் நம்பியது தவறு. நாற்காலியைப் பிடித்து நின்று, கணுக்காலில் அரை கிலோ மணற்பையைக் கட்டிக் குதிகாலைப் பின்னால் மடக்கும் பயிற்சியைச் சேர்த்து, அதை ஒரு கிலோவாக உயர்த்தி, மூன்று மாதம் தொடர்ந்த பிறகே மாடிப்படியில் கைப்பிடியை விட்டு ஏற முடிந்தது. இறுகிய தசை வலுவான தசை அல்ல என்பதை முழங்கால் வலி உள்ள ஒவ்வொருவருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

மதுரை, 27 வயது

அக்கா, நீங்கள் படுத்தபடி செய்ததை நான் நின்றபடி குனிந்து, கால்விரலைத் தொட்டுச் செய்து வந்தேன். எனக்கு முழங்காலின் முன்புறம்தான் வலி. குனியும்போது பின்தொடையைவிட என் முதுகே அதிகம் வளைந்தது. கெண்டைக்கால் வரை சுரீரென்று ஒரு கூச்சமும் ஓடியது. அது தசை நீளும் உணர்வன்று, நரம்பு இழுபடுவதன் அறிகுறி என்று பரிசோதித்தவர் கூறி, அந்தப் பயிற்சியை நிறுத்தச் சொன்னார். மரத்துப்போதலோ மின்னல் போன்ற வலியோ ஏற்பட்டால் தயவுசெய்து அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியர், 70 வயது

என் வயதில் 30 வினாடியைவிட 60 வினாடி நிறுத்துவது கூடுதல் பலன் தரும் என்று எனக்குச் சொல்லப்பட்டது, அவ்வாறே செய்கிறேன். வலுவுக்காக, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பை உயர்த்தும் பயிற்சியைத் தொடங்கியபோது, பின்தொடையில் கடுமையான தசைப்பிடிப்பு ஏற்பட்டு, பத்து நாட்கள் விட்டுவிட்டேன். குதிகால்கள் இடுப்பிலிருந்து மிகவும் தள்ளியிருந்தமையால் பின்தொடைக்குத் தாங்க முடியாத சுமை ஏறியிருந்தது. அருகே இழுத்து வைத்தபின் பிடிப்பு வரவில்லை. இப்போது வாரத்திற்கு ஒரு விரற்கடை தூரம் என்று மெல்லத் தள்ளி வைத்து வருகிறேன்.