அத்தைக்கும் சேர்த்து டிக்கெட்

குழு: தில்லைநகர் வீடு

கவிதா: அப்பா, அம்மா, வைட்டோமோவில் இருட்டில் மின்னும் குகையைப் பார்த்துவிட்டு இப்போதுதான் ஆக்லாந்து வீட்டுக்குள் நுழைந்தோம். ஜனவரியில் நீங்கள் வந்ததும் முதலில் அங்கேதான் கூட்டிப் போவேன்.

அம்மா: பிள்ளைகள் சாப்பிட்டார்களா? எவ்வளவு தூரம்?

கவிதா: சாப்பிட்டாச்சு அம்மா. சுமார் 200 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். ஊரைத் தாண்டியதும் பம்பாய் என்று ஒரு இடம் வருகிறது! 1863இல் குடியேறிகளை ஏற்றி வந்த கப்பலின் பெயராம். அப்புறம் வழியெல்லாம் பச்சை மேடு, மாடுகள். ஓட்டொரொஹாங்காவில் கிவி பறவையைப் பார்த்துவிட்டு, கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டோம். கடைசி வளைவுகளில் சின்னவனுக்கு மட்டும் வாந்தி.

செந்தில்: குகைப் படம் ஒன்றுகூட வரவில்லையே?

கவிதா: உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள் அண்ணா. வெளிச்சம் பட்டால் புழுக்கள் மங்கிவிடும்.

அம்மா: புழுவா? மின்மினிப் பூச்சி என்றல்லவா நினைத்தேன்.

கவிதா: இல்லையம்மா. மின்மினி வண்டு இனம். இது கொசு மாதிரி ஒரு பூச்சியின் புழுப்பருவம், நியூசிலாந்தில் மட்டும்தான் இருக்கிறது. குகைக் கூரையில் ஒட்டிக்கொண்டு, பிசுபிசுப்பான நூல்களைச் சரம் சரமாகத் தொங்கவிடும். ஓடைத் தண்ணீரிலிருந்து கிளம்பும் பூச்சிகள் அந்த வெளிச்சத்தைத் திறந்த வானம் என்று நம்பி மேலே பறந்து நூலில் மாட்டிக்கொள்ளும். பசி அதிகமானால் வெளிச்சமும் அதிகமாகும். ஒன்பது மாதம் வரை இப்படிப் புழுவாகவே இருக்கும். பூச்சியான பிறகு அதற்குச் சாப்பிட வாயே கிடையாது. இரண்டு மூன்று நாள்தான், முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும்.

அம்மா: வாய் இல்லாமலா! பாவம்டி.

அப்பா: உள்ளே எப்படி இருந்தது, அதைச் சொல் முதலில்.

கவிதா: படகில் உட்கார்ந்ததும் இருட்டு அப்பா. மோட்டார் இல்லை, துடுப்பு இல்லை. மேலே கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்தே வழிகாட்டி படகை நகர்த்துகிறார். யாரும் பேசவில்லை, தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்கிறது. அண்ணாந்தால் நீலப்பச்சையாக ஆயிரக்கணக்கில் புள்ளிகள். கரண்ட் போன ராத்திரிகளில் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுப்போமே, அந்த வானம் ஞாபகம் வந்தது. நட்சத்திரம் மினுக்கும், இவை மினுக்காமல் அப்படியே நிற்கின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா: அந்தக் குகையை யார் கண்டுபிடித்தார்கள், கவிதா?

கவிதா: அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிகளுக்கு முன்பே தெரிந்த இடம்தான். 1887இல் அவர்களின் தலைவர் டானே டினோராவும் பிரெட் மேஸ் என்ற ஆங்கிலேய நில அளவையாளரும் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு தெப்பத்தில் உள்ளே போனார்கள். 1889இல் டானேயே மக்களுக்குக் காட்டத் தொடங்கினார். 1906இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, 1989இல்தான் அந்தப் பரம்பரைக்குத் திரும்பக் கிடைத்தது. இன்று அங்கே வேலை செய்பவர்களில் பலர் அவருடைய வழிவந்தவர்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான் அப்பா.

அப்பா: 83 வருஷம். கிடைத்ததே, நல்லது.

மீனா அத்தை: நீங்கள் எல்லோரும் போய்ப் பாருங்கள். எனக்கு முட்டி வலி. சக்கர நாற்காலியோடு குகைக்குள் எங்கே போவது? வண்டியிலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

கவிதா: அத்தை, அந்தப் பேச்சே வேண்டாம். படகு போகும் குகையில் படிகள் உண்டு, உண்மைதான். ஆனால் பக்கத்திலேயே ருவாகுரி என்று இன்னொரு குகை. பழைய வாசல் மாவோரிகள் தங்கள் முன்னோரை அடக்கம் செய்த இடம். அதை மிதிக்கக்கூடாது என்று வேறு இடத்தில் சுருள் சுருளாக இறங்கும் சாய்வுப் பாதை கட்டி, 2005இல் மறுபடி திறந்தார்கள். சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். அங்கேயும் ஒளிப்புழு இருக்கிறது.

செந்தில்: அப்படியானால் எல்லோருமே ருவாகுரிக்குப் போகலாமே. படகு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா: நானும் அதையே சொல்ல வந்தேன்.

மீனா அத்தை: நிஜமாகவே படி இல்லையா?

கவிதா: நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு வருவேன் அத்தை. வெயில் காலம்தான், ஆனாலும் உள்ளே குளிரும். ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.

மீனா அத்தை: சரி, எனக்கும் சேர்த்து டிக்கெட் போடு.