பத்து மாவுங் மீன் காட்சியகம்: 2 வயதும் 5 வயதும், என்னென்ன கவனிக்க வேண்டும்?

நிபோங் திபால் அம்மா

வணக்கம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு மீன் காட்டக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறோம். மகனுக்கு 5 வயது, மகளுக்கு 2. கோலாலம்பூர் கேஎல்சிசி அக்குவேரியா வரை போகலாமா, பினாங்குத் தீவின் பத்து மாவுங்கில் மீன்வள ஆய்வுக் கழக வளாகத்தில் இருக்கும் சின்னக் காட்சியகமே போதுமா? மகள் இருட்டைக் கண்டால் அழுவாள். மகன் கண்ணாடி எதைப் பார்த்தாலும் தட்டுவான். தொட்டுப் பார்க்கும் குளம் இருந்தால் அவன் கையை விடலாமா? தள்ளுவண்டி தேவைப்படுமா? மாமியாரும் வருகிறார், அவருக்கு முட்டி வலி. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்றும் சொல்லுங்கள்.

தெற்குத் தீவு

இந்த வயதுக்குச் சின்னதே நல்லது, தங்கச்சி. 2 வயதுப் பிள்ளை ஒரு தொட்டியை ஆசையாகப் பார்த்தால் ஐந்து நிமிடம், மொத்தமாகத் தாங்குவது 40, 45 நிமிடம். அக்குவேரியாவின் சுரங்கம் மட்டுமே 90 மீட்டர். உள்ளே நகரும் நடைபாதை இருக்கிறது, மாமியாருக்கு அது வசதிதான். ஆனால் அதற்கென்றே 300 கிலோமீட்டருக்கு மேல் காடி ஓட்டிப் போக வேண்டியதில்லை. கோலாலம்பூரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போகும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது உங்கள் அடையாள அட்டையான மைகார்டு, பிள்ளைகளின் அட்டையான மைகிட் இரண்டும் கையில் இருக்கட்டும், குடிமக்களுக்குக் கட்டணம் குறைவு. கேஎல்சிசி பூங்காவில் பிள்ளைகள் விளையாடும் தண்ணீர்க் குளத்துக்கு அக்குவேரியா முடித்த பிறகு போங்கள். முதலில் நனைந்துவிட்டுக் குளிர்சாதனத்துக்குள் நுழைந்தால் சின்னவள் நடுங்கிப் போவாள்.

நிபோங் திபாலிலிருந்து பத்து மாவுங்குக்கு இரண்டாவது பாலம்தான் வழி. மொத்த நீளம் 24 கிலோமீட்டர், அதில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் கடல் மேலே. நடுவில் நிறுத்தவோ கழிவறைக்கு ஒதுங்கவோ இடம் கிடையாது. பாலம் ஏறும் முன் பத்து காவானிலேயே எல்லோரையும் கழிவறைக்கு அனுப்பிவிடுங்கள், பேம்பர்ஸையும் அங்கேயே மாற்றிவிடுங்கள். டோல் தீவுக்குப் போகும் பக்கம் மட்டும்தான். டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று முதல் நாள் இரவே பாருங்கள்.

காலையில் கதவு திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேருங்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பள்ளிப் பேருந்துகள் வர ஆரம்பித்தால் சின்ன இடத்தில் எதிரொலி தாங்காது, 2 வயதுக்காரிக்கு இருட்டைவிட அந்தச் சத்தம்தான் பயம். பிற்பகலில் கூட்டம் குறையும், ஆனால் அது அவள் தூங்கும் நேரம். அரசாங்க வளாகம் என்பதால் வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். கிளம்பும் நாள் காலையில் ஒரு போன் போட்டு, இன்று திறந்திருக்கிறதா, எல்லாத் தொட்டியும் பார்வைக்கு இருக்கிறதா என்று கேட்டுவிட்டே காடியை எடுங்கள்.

தள்ளுவண்டி வேண்டாம். அதில் உட்கார்ந்த பிள்ளையின் கண் தொட்டியின் கீழ் விளிம்புக்கும் கீழே இருக்கும், சுவரைத்தான் பார்க்கும். இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள், அல்லது முன்பக்கம் கட்டும் பை போதும். பெரியவனுக்கு மடக்கு முக்காலி ஒன்று கொண்டுபோனால் உயரம் சரியாக வரும்.

உப்புநீர்த் தொட்டி

முக்காலியை மட்டும் விட்டுவிடுங்கள், அண்ணே. இருட்டு நடைவழியில் பின்னால் வருகிறவர்கள் அதில் இடறி விழுவார்கள். அதன் மேல் நிற்கும் பிள்ளையும் மீனைத் தொடர்ந்து பக்கவாட்டில் சாயும். அப்பா தோளில் தூக்கிக்கொள்வதுதான் பத்திரம்.

தட்டும் பழக்கத்துக்கு வருகிறேன். ஒலி காற்றில் போவதைவிடத் தண்ணீரில் நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும். மீனுக்கு உள்காது உண்டு, அதோடு உடம்பின் இரண்டு பக்கமும் தண்ணீரின் அசைவை உணரும் பக்கக்கோடு ஒன்றும் உண்டு. வெளியே நமக்கு 'டொக்' என்று கேட்பது அதற்கு உடம்பு முழுக்க அடிக்கும். மிரண்ட மீன் எதிர்ச் சுவரில் போய் மோதும், செதிலின் மேலிருக்கும் வழவழப்பு உரியும், அந்த இடத்தில்தான் பூஞ்சையும் கிருமியும் பிடிக்கும். 'தட்டாதே' என்று மட்டும் சொன்னால் 5 வயதுப் பையன் கேட்க மாட்டான். செய்ய வேறொன்று கொடுங்கள்: ஒரு விரலைக் கண்ணாடியில் வைத்து மிக மெதுவாக ஓரமாக நகர்த்தச் சொல்லுங்கள். களவா, பேத்தை மாதிரி மீன்கள் பல நேரம் அந்த விரலைப் பின்தொடர்ந்து வரும். தட்டினால் ஓடும், காத்திருந்தால் வரும் என்று அவனே கண்டுபிடித்துவிடுவான். சின்னக் காடி பொம்மை, சாவி எதுவும் கையில் வேண்டாம். பெரிய தொட்டிகள் பெரும்பாலும் அக்ரிலிக், ஒரு கீறல் விழுந்தாலும் அப்படியே நிற்கும்.

போனில் பிளாஷை வீட்டிலேயே அணைத்துவிடுங்கள். பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது, கண்ணை மூடிக்கொள்ள வழியில்லை. உங்களுக்கும் படத்தில் வெள்ளைப் பொட்டுதான் விழும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுத்தால் பிரதிபலிப்பு வராது.

தொட்டுப் பார்க்கும் குளம் எங்கே இருந்தாலும் இதுதான் முறை. குழந்தைகளுக்குப் பூசும் யூ யீ எண்ணெய், தெலோன் எண்ணெய், கொசு மருந்து, சன்ஸ்கிரீன் எதுவும் அன்று காலை கையில் வேண்டாம். கை சுத்திகரிப்பு ஜெல்லும் கூடாது. இவை எல்லாம் அந்தச் சின்னத் தண்ணீரில் கரைந்து தேங்கும். கையை வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு, இரண்டு விரலை நீட்டி, மேல்புறத்தை மட்டும் மெல்லத் தடவ வேண்டும். நட்சத்திர மீனைத் தூக்கவே கூடாது. அதன் அடியில் நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்க் கால்கள் பாறையைப் பற்றியிருக்கும், இழுத்தால் பிய்ந்து வரும். கடல் அட்டையைப் பிசைந்தால் மிரண்டுபோய் ஒட்டும் இழையையோ குடலையோ வெளியே தள்ளிவிடும். பெலாங்காஸ் என்ற குதிரைலாட நண்டு இருந்தால் வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். அந்த வால் கொட்டாது, கவிழ்ந்து விழுந்தால் நிமிர்வதற்காக இருக்கிறது. முடிந்ததும் சோப்பு போட்டு நன்றாகக் கழுவிய பிறகுதான் பிஸ்கட். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று தொட வேண்டாம், மீன் தண்ணீரிலிருந்து தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கும் கிருமி உண்டு. 2 வயதுக்காரி விரலை வாயில் வைக்கிறவள் என்றால் அவளுக்குப் பார்ப்பதே போதும்.

பாலர் பள்ளி டீச்சர்

இருட்டு பயம் பற்றி. பத்து மணி வெயிலிலிருந்து நேராக உள்ளே தூக்கிக்கொண்டு போனால் முதல் சில நிமிடம் குழந்தைக்கு ஒன்றுமே தெரியாது, அப்போதுதான் அழுகை ஆரம்பிக்கும். நிழலான வாசலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வையுங்கள், கண் பழகிக்கொள்ளும். உள்ளே போனதும் வெளிச்சமான தொட்டியிலிருந்து தொடங்குங்கள், வரிசைப்படி பார்க்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. இன்னொன்று, தண்ணீரில் ஒளி வளைவதால் மீன் உண்மையான தூரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் இருப்பது போலத் தெரியும், உருவமும் பெரிதாகத் தெரியும். சுறா நேராக வரும்போது சின்னவள் பின்வாங்குவது இதனால்தான். கண்ணாடியில் உங்கள் கையை வைத்து 'இங்கே சுவர் இருக்கு' என்று காட்டுங்கள், பிறகு அவள் கையையும் வைக்கச் சொல்லுங்கள். அப்படியும் அழுதால் வெளியே வந்துவிடுங்கள், சமாதானம் பேசி இழுத்துப் போகாதீர்கள்.

பெரியவனுக்குப் பெயர்ப் பலகை படித்துக் காட்டுவது வீண். தேட விடுங்கள். மணலில் படுத்திருப்பது எது? இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருப்பது எது? வாலால் புல்லைச் சுற்றிப் பிடித்திருப்பது எது? அது கடல்குதிரை. வயிற்றில் பை இருந்தால் அதுதான் ஆண், முட்டையைச் சுமப்பது அப்பாதான் என்றால் கண்ணை விரித்துக் கேட்பான். கடல்குதிரைக்கு இரைப்பை கிடையாது, ஓயாமல் தின்றுகொண்டே இருக்க வேண்டும், அதையும் சொல்லலாம். அலையாத்திக் காட்டுத் தொட்டி இருந்தால் அவனை நீர்மட்டத்துக்குத் தூக்கிக் காட்டுங்கள். இலையில் இருக்கும் பூச்சியைத் தண்ணீர் துப்பி வீழ்த்தும் சும்பிட் மீன் மேலேயே மிதந்து நிற்கும், கீழே பார்த்தால் தெரியாது. நம் கடலோரச் சேற்றுக் கழிகளிலேயே வாழும் மீன் அது.

கொடுவா, களவா, திருக்கை மூன்றும் சந்தையில் பார்த்தவை, அவனே கண்டுபிடிப்பான். 'பாட்டி குழம்பு வைப்பாங்களே' என்று சில பிள்ளைகள் குதிப்பார்கள், சில பிள்ளைகள் அன்று இரவு சாப்பிட மாட்டார்கள். அவன் சொன்னால் பேசுங்கள், நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

மாமியாரை எல்லாத் தொட்டிக்கும் நடக்க வைக்காதீர்கள். பெரிய தொட்டி ஒன்றின் எதிரே உட்கார இடம் பார்த்து, சின்னவளை அவர் மடியில் விட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் இருந்து பார்க்கிற குழந்தைதான் அதிக நேரம் பார்க்கும்.

நிபோங் திபால் அம்மா

ரொம்ப நன்றி. யூ யீ எண்ணெய் விஷயம் தெரியவே தெரியாது. இன்னொரு கேள்வி: திரும்பி வரும்போது மகன் கண்டிப்பாக 'எனக்கும் மீன் வேணும்' என்பான். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பையில் விற்கும் தங்க மீனை வாங்கிக் கொடுக்கலாமா?

உப்புநீர்த் தொட்டி

அன்றே வாங்காதீர்கள், அக்கா. புதுத் தொட்டியில் மீனின் கழிவு அம்மோனியாவாகத் தேங்கும். அதைத் தின்னும் பாக்டீரியா வளர்ந்து நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும். கண்ணாடிக் கிண்ணத்தில் விட்ட தங்க மீன் ஒரு வாரத்திலேயே மேலே வந்து வாயைப் பிளப்பதற்குக் காரணம் இதுதான். தங்க மீன் பெரிதாக வளரும், கழிவும் அதிகம், கிண்ணம் அதற்கு இடமே இல்லை.

அவன் ஆசை நிஜமென்றால் ஒரே ஒரு சண்டை மீன். 10 லிட்டருக்குக் குறையாத தொட்டி, மூடி அவசியம், அது துள்ளும். நம் ஊர்ச் சூட்டுக்கு ஹீட்டர் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் ஆன்ட்டி குளோரின் சொட்டு விட்ட பிறகே ஊற்றுங்கள். வாங்கி வந்த பையை 15 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. காலை 2, மாலை 2 உருண்டை தீனி, அதற்கு மேல் அவன் கெஞ்சினாலும் வேண்டாம். முதல் மாதம் இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்குத் தண்ணீர் மாற்றுங்கள், பிறகு வாரம் ஒருமுறை போதும். வளர்க்க முடியாமல் போனால் மீன் கடையில் திருப்பிக் கொடுங்கள், வாய்க்காலில் விடாதீர்கள். கிள்ளான், லங்காட் ஆறுகளில் இன்று ஆள் போட்டுப் பிடிக்கிற பண்டாராயா மீன், அதாவது தொட்டியின் பாசியைத் தின்ன வளர்க்கும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி, யாரோ வீட்டுத் தொட்டியிலிருந்து விட்டவற்றின் வழிவந்ததுதான்.