குச்சிக்கிழங்கில் மாவுப்பூச்சி: மருந்து அடிப்பதா, குளவியை நம்புவதா?

மேட்டுக்காடு:
எல்லோருக்கும் வணக்கம். ராசிபுரம் பக்கம் இரண்டு ஏக்கரில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருக்கிறேன், வெள்ளைத் தாய்லாந்து ரகம், நான்கு மாதப் பயிர். குருத்தெல்லாம் சுருண்டு கொத்தாக நிற்கிறது, கணுவுக்குக் கணு இடைவெளி இல்லாமல் தண்டு குட்டையாகிவிட்டது, பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக மாவு அப்பியிருக்கிறது. போன வருடமும் இதே கதைதான். மூன்று முறை மருந்து அடித்தேன். அடித்துப் பத்து நாள் நன்றாக இருக்கும், அப்புறம் முன்னைவிட அதிகமாக வந்துவிடும். கடைசியில் கிழங்கு பருக்கவே இல்லை, பாயிண்ட் (மாவுச்சத்து அளவு) குறைவு என்று ஆலையிலும் விலையைக் குறைத்துவிட்டார்கள்.

இப்போது மருந்துக்கடையில் இன்னும் வீரியமான மருந்தைக் கொடுக்கிறார்கள். ஆனால் ஒரு கூட்டத்தில் பேசிய அலுவலர், மருந்தை நிறுத்துங்கள், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த குளவி இருக்கிறது என்றார். உண்மையிலேயே அது வேலை செய்கிறதா? இன்னொன்றும் கேட்க வேண்டும். வெளிநாட்டுப் பூச்சி என்கிறார்கள், அப்படியானால் அதை யார் உள்ளே விட்டது? நாடுகளுக்குள் இதற்கென்று ஒரு ஒப்பந்தமும் கிடையாதா?

பூச்சியியல் மாணவி:
அண்ணா, மருந்தை வாங்குவதற்கு முன்னால் அது எந்த மாவுப்பூச்சி என்று பாருங்கள். நம் பக்கம் மரவள்ளியில் ஒன்றுக்கு மேற்பட்ட மாவுப்பூச்சிகள் வருகின்றன. 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தெரிந்த பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் பிடிக்கும். அதன் உடல் மஞ்சள், ஆல்கஹாலில் போட்டால் நீலக்கருப்பாக மாறும். மரவள்ளிக்கே உரிய மாவுப்பூச்சியின் உடல் இளஞ்சிவப்பு. குருத்து கொத்தாகி கணு குறுகுவது பெரும்பாலும் இதன் வேலைதான். இந்தியாவில் இது 2020இல் திருச்சூரில் கண்டறியப்பட்டு, சீக்கிரமே சேலம், நாமக்கல் வரை வந்துவிட்டது. இதில் ஆணே தேவையில்லை, ஒரு பெண்பூச்சி தானாகவே 400 முட்டை வரை இடும். அதாவது ஒரு குச்சியில் ஒரே ஒரு பூச்சி ஒட்டி வந்தாலும் ஒரு காடு முழுவதற்கும் போதும்.

இரண்டும் வெளியிலிருந்து வந்தவை, இரண்டுக்கும் வேறு வேறு குளவி. இந்த அடையாளம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆப்பிரிக்காவில் நடந்ததையே சொல்கிறேன். 1970களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் இந்த இளஞ்சிவப்புப் பூச்சி நுழைந்தது. அங்கே கோடிக்கணக்கானவர்களுக்கு மரவள்ளிதான் அன்றாடச் சோறு, சில இடங்களில் விளைச்சலில் 80 விழுக்காடு வரை போனது. மரவள்ளியின் பிறப்பிடம் தென்னமெரிக்கா என்பதால் பூச்சியின் எதிரியும் அங்கேதான் இருக்கும் என்று தேடப் போனார்கள். முதலில் அந்தக் கண்டத்தின் வடபகுதியில் அச்சு அசலாக இதே மாதிரி ஒரு பூச்சி கிடைத்தது, ஆனால் அதன் எதிரிகள் ஆப்பிரிக்கப் பூச்சியிடம் எடுபடவில்லை, காரணம் அது வேறு இனம். சரியான பூச்சி 1981இல்தான் பராகுவேயில் கிடைத்தது. அதோடு கிடைத்த அனாகைரஸ் லோபஸி என்ற குளவியை லண்டனில் தனிமைப்படுத்தி வைத்துச் சோதித்துவிட்டு நைஜீரியாவில் விட்டார்கள். சில ஆண்டுகளில் நாடு நாடாகப் பூச்சி அடங்கியது. அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

தாய்லாந்தில் 2008இல் இதே பூச்சி நுழைந்தபோது அவர்கள் மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினில் உள்ள ஆய்வு நிலையத்திடம் குளவி கேட்டு வாங்கினார்கள். நம் பெங்களூரு வேளாண் பூச்சி வள மையமும் 2021இல் அங்கிருந்துதான் வாங்கியது, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் முதல் விடுவிப்பு நடந்தது.

குளவி எள்ளைவிடச் சிறியது, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டை வைக்கும், குஞ்சு உள்ளிருந்தபடியே பூச்சியைத் தின்றுவிட்டு இரண்டு மூன்று வாரத்தில் குளவியாகி வெளியே வரும். நீங்கள் அடிக்கும் மருந்தில் மாவுக்குள் ஒளிந்திருக்கும் பூச்சி தப்பித்துக்கொள்ளும், வெளியே பறக்கும் குளவி செத்துவிடும். பத்து நாளில் முன்னைவிட அதிகமாக வந்தது என்றீர்களே, அதில் இதற்கும் பங்கு இருக்கும்.

ஏரிக்கரை வேலு:
எனக்கு ஒரு பயம் இருக்கிறது, கேட்டுவிடுகிறேன். பூச்சியும் வெளிநாடு, குளவியும் வெளிநாடு. பூச்சி தீர்ந்தபின் அந்தக் குளவி வேறு எதையாவது தின்ன ஆரம்பித்தால்? கரும்பு வண்டைத் தின்னும் என்று ஆஸ்திரேலியாவில் 1935இல் தேரை கொண்டுவந்து விட்டார்கள், அது வண்டை விட்டுவிட்டு நாடெங்கும் பரவி, அதைத் தின்ற பிராணிகளெல்லாம் விஷத்தில் செத்தன. அப்புறம் இன்னொரு கேள்வி, மரவள்ளியே வெளிநாட்டுச் செடிதானே, அதை மட்டும் ஏன் யாரும் குற்றம் சொல்வதில்லை?

பூச்சியியல் மாணவி:
பயம் நியாயமானது, அண்ணா. தேரையைவிட மோசமான கதை பசிபிக் தீவுகளில் நடந்தது. ஆப்பிரிக்க ராட்சத நத்தையை ஒழிக்க வேறொரு வேட்டை நத்தையைக் கொண்டுபோய் விட்டார்கள், அது அந்தத் தீவுகளில் மட்டுமே வாழ்ந்த சின்ன மரநத்தைகளைத் தின்று பல இனங்களை அடியோடு அழித்துவிட்டது. தேரை, வேட்டை நத்தை இரண்டும் கிடைத்ததையெல்லாம் தின்பவை, விடுவதற்கு முன் ஒழுங்கான சோதனையும் இல்லை. அதனால்தான் இப்போது சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் இதற்கென்றே விதிமுறை இருக்கிறது. எந்த எதிரியைக் கொண்டுவந்தாலும் அடைத்துவைத்து, வேறு எதைத் தாக்குகிறது என்று பார்த்து, அரசு அனுமதி பெற்ற பிறகுதான் வெளியே விடலாம். லோபஸி குளவி 40 ஆண்டுக்கு மேலாக ஆப்பிரிக்க வயல்களில் இருக்கிறது, அங்கே அது இன்னொரு தொல்லையாக மாறவில்லை.

மரவள்ளி வெளியிலிருந்து வந்ததுதான், மிளகாயும் தக்காளியும்கூட. நாம் நட்டால்தான் வளரும், காட்டுக்குள் தானாகப் பரவி மற்றதை அழிப்பதில்லை. வெளியிலிருந்து வந்து, தானே பரவி, கேடும் செய்வதைத்தான் ஊடுருவும் அயல் இனம் என்கிறோம். உங்கள் ஏரிக்கரையிலேயே சீமைக்கருவேலமும் ஆகாயத்தாமரையும் இருக்குமே, அவைதான் அந்த வகை.

வன்னிமண்:
வவுனியாவில் இருந்து எழுதுகிறேன். எங்களிடமும் 2008இல்தான் அந்தப் பப்பாசி மாவுப்பூச்சி வந்தது. முற்றத்துப் பப்பாசி, செவ்வரத்தை (செம்பருத்தி) ஒன்றையும் அது விட்டுவைக்கவில்லை, எங்கள் வீட்டு மரங்களைத் தறித்து எரித்தோம். அடுத்த ஆண்டு அரசாங்கம் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவி எடுப்பித்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. ஒரு வருடம் கழித்து, 2010இல், இந்தியாவும் அதே இடத்திலிருந்து அதே குளவியை எடுத்தது. பாக்குநீரிணை பூச்சிக்கு ஒரு தடையே இல்லை. ஒரு கரையில் கண்டால் அன்றைக்கே மற்றக் கரைக்குச் சொல்ல வேண்டும், இரண்டு அரசுகளும் சேர்ந்து ஒரே குளவிக் கூடத்தை நடத்தினாலும் நல்லதுதான்.

முன்னாள் துறைமுக ஊழியர்:
ஒப்பந்தம் கிடையாதா என்று கேட்டவருக்கு. நிறையவே இருக்கின்றன, தம்பி. தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை 1951லேயே வந்துவிட்டது. 1992இன் உயிரியல் பன்மை உடன்படிக்கையில் அயல் இனங்களைத் தடு, கட்டுப்படுத்து, ஒழி என்று ஒரு பிரிவே உண்டு. கப்பல் சாயாமல் இருக்க அடித்தொட்டியில் நிரப்பும் நிலைநீரில் வரும் உயிரினங்களுக்கு 2017இல் தனி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் கூடி, 2030க்குள் புதிய நுழைவுகளைப் பாதியாகக் குறைப்போம் என்றும் நாடுகள் ஒத்துக்கொண்டன. ஆனால் 2023இல் வந்த ஐ.நா. சார்ந்த பல்லுயிர் அறிக்கையைப் பார்த்தால், இதற்கென்றே தனிச் சட்டம் வைத்திருப்பவை 17 விழுக்காடு நாடுகள்தான். இந்த அயல் இனங்களால் உலகத்துக்கு ஆண்டுக்கு நஷ்டம் 42,300 கோடி டாலருக்கு மேல்.

நான் வேலை பார்த்த காலத்தில் கண்டதைச் சொல்கிறேன். கப்பல் சரக்குக்குச் சான்றிதழ் கேட்போம், மரப் பெட்டியில் வெப்பமூட்டிய முத்திரை இருக்கிறதா என்று பார்ப்போம். ஆனால் நல்ல ரகம் என்று ஒருவர் பெட்டியில் துணிக்கு நடுவே நான்கு குச்சி சுற்றிக்கொண்டு வந்தால், அதை எந்த ஒப்பந்தம் பிடிக்கும்? அது கெடுதல் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கக்கூட மாட்டார்கள். ஊருக்கு ஊர் விதைக்குச்சி லாரியில் போகிறதே, அதைச் சோதிக்க ஒரு ஆள் உண்டா?

மேட்டுக்காடு:
எல்லோருக்கும் நன்றி. காலையில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பூச்சி இளஞ்சிவப்புதான். கிழக்கு வரப்போரம் தண்ணீர்த் தொட்டி இருப்பதால் அங்கே மட்டும் எப்போதும் மருந்து அடிப்பதில்லை. அந்த வரிசையில் அடி இலைகளில் பழுப்பாக, கெட்டியாக, உப்பலாகச் சில பூச்சிகள் காய்ந்து ஒட்டியிருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஊசி குத்தியது போல் ஒரு ஓட்டை. இது என்ன? போன வருடக் குச்சியை நான் வியாபாரியிடம் வாங்கினேன், எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூட இல்லை.

பூச்சியியல் மாணவி:
அண்ணா, அந்த ஓட்டை வழியாகத்தான் குளவி வெளியே போயிருக்கிறது! உங்கள் காட்டுக்கு அது ஏற்கெனவே வந்துவிட்டது. அந்த இலைகளைப் பறித்து எரித்துவிடாதீர்கள், ஓட்டை விழாத பழுப்புப் பூச்சிக்குள் இன்னும் குளவி இருக்கும். குருத்தில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள், இனிப்புக் கழிவுக்காக எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் நின்று குளவியை விரட்டும், அதைத் தடுக்க வேண்டும். மழை இல்லாத மாதங்களில்தான் பூச்சி பெருகும், முடிந்தால் செடி வாடாமல் தண்ணீர் கொடுங்கள். அடுத்த நடவுக்குக் குச்சியைப் பூச்சி இல்லாத செடியிலிருந்து மட்டும் வெட்டி, அலுவலர் சொல்லும் மருந்துக் கரைசலில் முக்கி நடுங்கள். பழுப்புப் பூச்சி ஒட்டிய இலை இரண்டை மூடிய டப்பாவில் போட்டு ஏத்தாப்பூருக்குக் கொண்டுபோனால் அது லோபஸிதானா என்று பார்த்துச் சொல்வார்கள். போகும்போது பக்கத்துக் காட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள், அவர் மருந்து அடித்தாலும் உங்கள் குளவிதான் சாகும்.